மதில்மேல் நடந்த பசு

அன்பு மகன் விதுஷனுக்கு,

அப்பா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் துணையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், அந்த வரி இன்று என் கைக்கு வரவில்லை. போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வேலை எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கீழே இருக்கிற கோப்பிக் கடையில் இருந்து எழுதுகிறேன். அக்கா சஜிதா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். எழுத்துக் கூட்டியாவது முழுவதையும் வாசி.

ஆஸ்பத்திரி என்று எழுதியதும் உனக்கு விளங்கியிருக்கும். அம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். பனி கரைகிற காலத்தில் கண்டுபிடித்தார்கள், கோடை முழுக்க மருந்து ஏற்றினார்கள், இப்போது டொக்டர் இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து, பிள்ளைகள் தூரத்தில் இருந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றது அம்மாதான். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இதைக் கேட்டால் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று என்னிடமும் அக்காவிடமும் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினா. ஞாயிறுதோறும் வீடியோவில் அவவைப் பார்த்தேனே என்று நீ கேட்பாய். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருடம் நீ இப்போது வேலை செய்கிற ஊரின் சின்னம் போட்ட பியர்க் கோப்பை ஒன்று அனுப்பினாய் அல்லவா, அந்த ஊரின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது, ஆனால் சின்னம் மறக்காது. ஒரு மதில், அதன்மேல் ஒரு பசு, அதன் கழுத்தில் மூன்று மணிகள். பியர் வாசமே பிடிக்காத அம்மா அதில்தான் பால் விடாத பிளேன்ரீ குடித்தா. ஒரு பசுவுக்கு எதற்கு மூன்று மணி என்று அவ கேட்க, நீ கதையைச் சொன்னாய். எதிரிப் படை ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது, உள்ளே தானியம் முடிந்து மிஞ்சியது ஒரேயொரு பசு, அதை ஒரு நாள் சுண்ணாம்பு பூசி, மறுநாள் கரி பூசி, அடுத்த நாள் பூசாமல், ஒவ்வொரு நாளும் வேறு மணி கட்டி மதில்மேல் நடத்தினார்கள், வெளியே நின்றவன் உள்ளே பெரிய மாட்டுப் பட்டியே இருக்கிறது என்று நம்பிச் சலித்துப் போய்விட்டான். மற்ற ஊர்கள் சிங்கம் கழுகு என்று பெருமையைச் சின்னமாகக் கீறி வைக்க, இவர்கள் தங்கள் பட்டினியைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னது அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. உன்னை ஏமாற்றுகிற இந்தக் கூத்துக்கும் அந்தக் கதையில் இருந்துதான் யோசனை எடுத்தா. ஞாயிறு காலையில் சஜிதா அஜக்ஸில் இருக்கிற தன் வீட்டில் இருந்து பை நிறையச் சேலையோடு வருவாள். ஒரு வாரம் பச்சை, மறு வாரம் மஞ்சள், ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலே சுற்றி, உதிர்ந்த தலைக்குப் பொய்முடி வைத்து, பொட்டு வைத்து, கன்னத்துக்கு அக்காவின் பூச்சு. மருந்து ஏற்றுகிற கம்பியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வீடு மாதிரித் தெரிய வீட்டுக் கலண்டரைச் சுவரில் ஒட்டுவேன். நீ கூப்பிடுவாய். அம்மா மெலிஞ்சு வடிவா வந்திட்டீங்க என்று நீ ஒரு நாள் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அவ சிரித்தா. போனை வைத்த பிறகு தாதி வந்து ஊசி போடும்வரை நோவில் அனுங்கிக்கொண்டு கிடந்தா. அன்றைக்கு எனக்கு உன்மேலும் கோபம், அவமேலும் கோபம். பெற்ற பிள்ளைக்குக் கண் எங்கே போயிற்று என்று திரைக்குப் பின்னால் நின்று உன்னைத் திட்டினேன். பாவம், நீ என்ன செய்வாய், நாங்கள் காட்டியதைத்தானே பார்த்தாய்.

இது எங்கள் சனத்தின் பழைய வியாதி மகன். சண்டைக் காலத்தில் வெளியே இருக்கிற பிள்ளைக்கு இழவு சொல்லமாட்டோம், தனியே கிடந்து அழும், வரவும் வழியில்லை என்று மறைப்போம். மட்டக்களப்பில் அம்மாவின் அப்பா மோசம் போனபோது முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகுதான் இங்கே அவவுக்குச் செய்தி வந்தது. அதற்கிடையில் அவ மூன்று தரம் போன் எடுத்து அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறா, வயலுக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொய்யை அவ இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை. தனக்குச் செய்ததையே உனக்குச் செய்கிறா. நேற்று அதைச் சொன்னேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா.

இன்று காலை பஞ்சை நனைத்து அவவின் உதட்டை ஈரமாக்கினேன், நீ அனுப்பிய அந்தப் பசுக் கோப்பையில் இருந்த தண்ணீர்தான். கண் திறந்து கோப்பையைப் பார்த்துவிட்டுக் கேட்டா, "அந்தப் பசுவுக்குக் கடைசியில என்ன நடந்ததாம்?" பசித்த சனம் என்ன செய்யும், அறுத்துத் தின்றிருக்கும் என்று சொல்லிவிட்டேன், என் வாய் அப்படி. அவ இல்லை என்று தலையாட்டினா. எதிரி போய் ஊர் வாசலைத் திறந்ததும் முதலில் அதைத்தான் மேய விட்டிருப்பார்களாம், விதுஷனுக்குத் தெரியும், அவனிடம் கேளுங்கள் என்றா. நீ வந்து சொல்லு மகன். தெரியாவிட்டாலும் மேயப் போனது என்றே சொல்லு. வேலை போனால் போகட்டும், வேறு வேலை வரும். அவவுக்குச் செய்த சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

பயணத்துக்குத் தடித்த மேலங்கி எடுத்துக்கொள், வழியில் சாப்பிடாமல் இராதே. விமான நிலையத்துக்கு உன் அத்தான் ஜெனாட் வருவார். பிள்ளையார் உன்னை விக்கினமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும், என் ஆசி எப்போதும் உன்னோடு.

ஒன்றை மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடாதே. கூப்பிட்டால் அவ எழும்பிச் சேலை கட்டிவிடச் சொல்லுவா.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரக்குட்டி