மாப்பிள்ளை கடையில் பிரிக்காமல் வாங்கிய பெட்டி

786
ராஜபாளையம்
12-2-1992

அன்பு மகன் ஹுமாயூனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காப்பாற்றியதால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். சவூதி தம்மாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருக்க வேண்டுமென்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். போன மாதம் நம் கார் மணலில் ஏறிய செய்தி யார் மூலமாவது உனக்கு வந்திருக்கும். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அதனால் அன்றைக்கு வண்டியில் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டியது உன் அத்தா. பக்கத்துச் சீட்டில் ஆள் இல்லை, உன் தங்கை நசீமாவின் பெட்டியும் தொட்டில் கம்பும்தான். பின்னால் நான், நடுவில் நசீமா, அந்தப் பக்கம் அவள் மாமியார் அப்ரோஸ் பேகம், அவர் மடியில் நம் பேரன். வேறு ஒருவரும் இல்லை.

பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்து நசீமாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போக சம்பந்தியம்மாளே வந்திருந்தார், நம் வண்டியிலேயே கொண்டுவிடுவோம் என்று கிளம்பினோம். மடவார் வளாகம் வரும்போது எதிரே வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. உன் அத்தா பிரேக்கில் கால் வைத்தார்கள், பெடல் அடியோடு போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்தும் ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். சம்பந்தியம்மாள் இரண்டு கையாலும் பிள்ளையை நெஞ்சோடு மூடிக்கொண்டதால் தன்னைப் பிடித்துக்கொள்ள முடியாமல் முன் சீட்டில் மோதி மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அந்தக் கைக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள், அதனால் பிறகு அவர் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போதே, அவியளுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, வண்டி தூரத்துல வரும்போதே மிதிக்க வேண்டாமா, இனிமே எம் பேரனை அந்த வண்டில ஏத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெருநாளைக்கும் நசீமாவை அனுப்ப மாட்டார்களாம். டாக்ஸி ஸ்டாண்டில் ஐயாதுரை டிரைவர், பாய், பேரன்தான் வந்தாச்சுல்ல, தொட்டிலை ஆட்டாம ஸ்டியரிங்கை எதுக்கு ஆட்டுதீய என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். உன் அத்தாவும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து ஸ்டாண்டுப் பக்கம் போகவில்லை. நீ பிறக்கும் முன்பிருந்து வண்டி ஓட்டுகிறவர்கள், ஒரு கோழியை அடித்தது கிடையாது.

உன் அத்தா கண்ணில் ஒரு குறையும் இல்லை மகனே. குறை வந்தது என்னால். மழைக்காலத்தில் மெக்கானிக் கண்ணுச்சாமி, பின் சக்கரத்துப் பிரேக் ரப்பர் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்றார். டூப்ளிகேட் நிறைய நடமாடுகிறது, மதுரை போய் கம்பெனி ஏஜன்சியிலேயே வாங்குங்கள் என்று நீயும் எழுதியிருந்தாய். அத்தா பஸ்ஸுக்குக் கிளம்பியும் விட்டார்கள். நான்தான் மறித்தேன். மாப்பிள்ளை அசன் முகம்மது ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டு ஒரு வருஷம் ஆகவில்லை, மாமனாரே மதுரைக்குப் போனால் மற்றவர்கள் எப்படி அந்தக் கடைக்கு வருவார்கள், நிறைமாதத்தில் நம் பிள்ளையை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பேசிப்பேசி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கடையிலும் அத்தா பெட்டியைப் பிரித்து, ரப்பரை விரலால் நசுக்கி, மோந்து பார்த்து, பழைய உருப்படியோடு ஒட்டிவைத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள், உனக்கே தெரியும். அன்றும் நகத்தைப் பெட்டி மூடியில் வைத்தார்கள். நான் கண்ணைக் காட்டினேன். சம்பந்தி வீட்டில் கொடுத்ததை அவர்கள் முன்னால் பிரிப்பது நம்மிடம் வழக்கமில்லை, துணியானாலும் பலகாரமானாலும் அவர்கள் போன பிறகுதான் பிரிப்போம். அதே மரியாதையைப் பிரேக் சாமானுக்கும் காட்டினேன். மாட்டும்போது கண்ணுச்சாமி, ரப்பர் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கே பாய் என்றார். மாப்பிள்ளை கடைச் சாமான், கம்பெனி சாமான் என்று வீட்டுக்குள் இருந்தபடியே பதில் சொன்னதும் நான்தான். கணக்கு நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்த பிறகு கண்ணுச்சாமி சக்கரத்தைக் கழற்றினார். நான் டீ கொண்டுபோன நேரம். இரண்டு பக்கமும் ரப்பர் எண்ணெயில் ஊறி, ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல உப்பிப் பிளந்திருந்தது, பெடலுக்குப் பிடி கொடுக்கிற பிரேக் எண்ணெய் எல்லாம் சக்கர டிரம்முக்குள் வடிந்து கிடந்தது. பாய், டப்பாதான் கம்பெனி, உள்ள இருந்தது கம்பெனி இல்ல என்றார். உன் அத்தா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏலே கண்ணுச்சாமி, இது உன் வாயோட இருக்கட்டும், எம் பிள்ளை அந்த வீட்டுல வாழணும் என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் எனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். மாப்பிள்ளை தெரிந்து கொடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவன் பையில் சரக்கைச் சுமந்துகொண்டு கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறானாம், இவரும் டப்பாவைப் பார்த்து நம்பியிருப்பார். போன வாரம் இரண்டு புதுப் பெட்டி கொடுத்தனுப்பினார், மாமா வண்டிக்கு நான் தாரேன், துட்டு வேண்டாம் மாமி என்று சீட்டும் எழுதியிருந்தார். அதே பெட்டி, அதே எழுத்து. அத்தா அதைப் பிரிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அலமாரி மேலே வைத்துவிட்டு, வண்டியை வித்துருவோம், எனக்கும் வயசாச்சு என்கிறார்கள். நம் பிள்ளை வாழ்வதற்காகக் கிழவன் என்ற பேரையும் வாங்கிக்கொண்டு வாய் மூடி இருக்கிறார்கள்.

நானும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கண்ணுச்சாமி வந்து, பாயம்மா, சுந்தரபாண்டியத்துல இருந்து ஒரு வேன் வந்துச்சு, பெடல் இறங்குதுன்னு. கழட்டுனா அதே ரப்பர், அதே கடைதான், பருத்தி எடுக்கப் போற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் அதுலதான் போறாக, பாய்க்குக் கொடுத்த வாக்கு எனக்குத் தொண்டையில நிக்குது என்றார். அந்த வேனைச் சரி செய்துவிட்டார். அந்தக் கடையில் இன்னும் எத்தனை பேர் வாங்கிப் போனார்களோ. தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்து அந்தப் பெண்கள்தான் கண்ணில் வருகிறார்கள். சம்பந்தியிடம் மரியாதை என்று நான் காட்டிய கண் ஜாடை எத்தனை வீட்டு வாசல் வரை போகுமோ தெரியவில்லை.

உன்னிடம் யோசனை கேட்டுச் செய்யத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். உன் பதில் வர இருபது நாள் ஆகும், அதற்குள் எத்தனை வண்டி ஓடும். அதனால் நாளைக் காலையில் அந்த இரண்டு பெட்டியையும் உப்பிய ரப்பரையும் எடுத்துக்கொண்டு கண்ணுச்சாமியோடு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். மாப்பிள்ளையிடம் கடையில் வைத்துச் சொல்ல மாட்டேன், வீட்டில் அவர் தாயாரை வைத்துக்கொண்டுதான் சொல்வேன், அந்தக் கை யாரால் முறிந்தது என்று அவருக்கும் தெரிய வேண்டும், கண் ஜாடை காட்டியது நான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். அத்தாவிடம் இப்போதுதான் சொன்னேன். நசீமாவை நெனைச்சியா என்றார்கள். நெனைச்சுத்தான் போறேன், அவளும் அந்த ஊர் வண்டிலதானே ஏறுதா என்றேன். போகாதே என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை சரக்கை எடுத்துவிட்டு வாங்கியவர்களைத் தேடிப் போவாரா, இல்லை எங்களை வாசலோடு அனுப்புவாரா, தெரியாது. எது வந்தாலும் அது நசீமா தலையில் விடியும் என்பதுதான் என் பயம்.

நீ லாரி எடுக்கும் முன் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு எடு. தைலம் தீர்ந்தால் எழுது, வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். மாப்பிள்ளைக்குக் கோபமாக ஒரு வரியும் எழுதாதே. நசீமாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்ன நடந்தாலும் அண்ணன் இருக்கிறேன் என்று எழுது. எனக்கும் சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு
உன் அம்மா
ஆயிஷா பீவி