பங்கில்லாத வேட்டை

சோளக்காடு,
அக்டோபர் 2002

அன்புள்ள நஸீமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? என்னைத் திட்டத் தெம்பு இருக்கிறதா? நான் சுகம்.

மண்டிக்கு மிளகு கொண்டுவரும் அருணாசலமும் நானும் டிவியில் பொம்மைத் துப்பாக்கியால் கொக்கு சுடுவோமே, அந்த வீடியோ ஆட்டம் புதுசாக வந்திருக்கிறதென்று நாமக்கல்லில் கேசட் வாங்கினேன். த்தூ! பழையதில் கொக்கு விழுந்தால் ஒருவன் ஓடிவந்து கூடையில் எடுத்துப் போவான். இதில் குடல் சரிந்து, ஈ மொய்த்து, அங்கேயே கிடந்து அழுகுகிறது. எனக்குச் சோறே இறங்கவில்லை.

இந்த மலையில் வேட்டைக்குக் கூடப் போனவனுக்கெல்லாம் கறியில் பங்கு உண்டு. அருணாசலம் முகத்தைச் சுளித்தார். "ஏனுங்க பாய், அடிச்சதை எடுக்கவும் ஆளில்லை, பங்கு போடவும் ஆளில்லை. இது என்னங்க வேட்டை?"

"பங்கு வேணும்னா டிவிக்குப் பின்னாடி போய் எடுத்துக்குங்க" என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "திங்காத உசுரை நான் சுடறதில்லீங்க" என்று பொம்மைத் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

பெருநாளுக்கு வந்தபோது பழைய கேசட்டை நம் வீட்டு அலமாரியில் விட்டுவந்தேன். உடனே அனுப்பு. கூடவே பூண்டு ஊறுகாயும் இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி வை. மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலத்தில் இங்கே பேச ஆளில்லை. கேசட் வந்ததும் அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடப்போகிறேன். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், கடிதத்தைக் கொடுத்துவிட ஓடுகிறேன்.

உன் சைபுல்லா