சீனி கொடுத்த கல்

8-10-2007
கொட்டுகிற மழையில், பட்டப்பகலில், என் பேத்தி கங்கா வானத்தைப் படம் பிடித்தாள். சேவியரின் நெட் கடையில் உட்கார்ந்துகொண்டே. தொலைநோக்கி இருப்பது அமெரிக்காவில். அங்கே இப்போது ராத்திரியாம். இவள் மட்டாஞ்சேரியில் பொத்தானை அமுக்கினால் அது அங்கே கழுத்தைத் திருப்புகிறது! இவள் படிக்கிற களமசேரிக் கல்லூரியில் இவளுக்கு அதில் படம் எடுக்க இரண்டு முறை ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அஞ்சாங்கிளாஸ். என் பேத்தியைப் பாரு.

9-10
ஒரே இடத்தை விட்டுவிட்டு எடுத்த மூன்று படங்களை மாற்றி மாற்றிக் காட்டினாள். நட்சத்திரமெல்லாம் ஆணி அடித்த மாதிரி. ஒரே ஒரு பொட்டு மட்டும் நகர்ந்தது. சூரியனைச் சுற்றுகிற கல்லாம். இதுவரை கண்டுபிடித்த கற்களின் லிஸ்ட்டில் இல்லை, புதுசாக இருக்கலாம் என்றாள்.
"கல்லையெல்லாம் பதிவு பண்றவங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கேன் ஆச்சி. பதில் வர்ற வரை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."
சரி என்றேன்.

10-10
பிள்ளை பிறந்தால் சீனி கொடுக்காமல் இருப்பார்களா? அடுத்த வீட்டு ஷபானாவுக்கு மட்டும் ஒரு பிடி கொடுத்தேன். ஒருத்திக்குக் கொடுத்து இன்னொருத்தியை விடலாமா? தெரு முழுக்கக் கொடுத்தாச்சு. பெயரும் வைத்துவிட்டேன் — முனியாயி, என் மாமியார் பெயர். இருந்தவரை என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள், இனி சூரியனைச் சுற்றட்டும்.

14-10
பதில் வந்தது. யாரோ எப்போதோ கண்டுபிடித்த கல்தானாம். கங்கா பார்த்த லிஸ்ட் பழசு.

15-10
குழாயடியில் விஷயத்தைச் சொன்னேன். ஷபானா கேட்டாள், "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கா சேச்சி சீனி கொடுத்தீங்க?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கங்காவுக்கு வரவில்லை. இன்னொரு முறை பாக்கி இருக்கிறது. போகவே மாட்டேன் என்கிறாள். ஐயோ, என் வாயாலதானே — இந்த வாயை என்ன செய்ய?

16-10
ஷபானாவிடம் சண்டைக்குப் போனேன். நான் கத்துவதைப் பாதியில் நிறுத்தி, அந்தக் கல் நகர்வது நிஜமாகவே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். விடுவிடென்று என் வீட்டுக்கே வந்து கங்கா எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.
"எனக்கும் காட்டு மோளே. யாரு பெத்ததா இருந்தா என்ன?"
கங்கா எழுந்துபோய் ஷபானாவுக்குச் சாயா போட்டாள்.

18-10
சேவியர் கடையில் நிற்க இடமில்லை, அத்தனையும் எங்கள் தெருப் பெண்கள். கங்கா அமுக்கினாள். படம் வந்தது. முழுக்க வெள்ளை. அங்கே மேகமாம்.
ஷபானா அமெரிக்க மேகத்தை மீன் சந்தைப் பாஷையில் திட்டினாள். சேவியர் காதைப் பொத்திக்கொண்டார். கங்கா சிரித்துச் சிரித்து மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.
"இருங்க, விலகும்."
ஒருத்தியும் நகரவில்லை. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவள்கூட.