பதில் வந்தது, சாக்கு காலி

வில்லாபுரம், மதுரை
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதிவிட்டேன். எம்புட்டு சுகம் என்பது போகப்போகத் தெரியும்.

உன் கம்பெனியில் இருக்கும் திருநகர் ஹரிஷங்கர் தம்பி இன்று மதிய விமானத்தில் மும்பை போய், அங்கிருந்து எகிப்து போகிறார். உன் கப்பல் செங்கடலையும் சூயஸ் கால்வாயையும் தாண்டி போர்ட் சயித் துறைமுகத்துக்கு வந்ததும் அதில் ஏறிக்கொள்வாராம். உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் எடுத்துப்போகிறேன் என்று அவராகவே போன் செய்தார். உன் போன்தான் கிடைப்பதில்லையே, அதனால் பேச வேண்டியதைக் காகிதத்தில் எழுதிப் பொடிகளுக்கு நடுவே வைக்கிறேன். இது உன் கையில் இருந்தால் நீ அந்தக் கடலைத் தாண்டிவிட்டாய். அந்த நினைப்பில்தான் எழுதுகிறேன். வேறு நினைப்பில் எழுத வரவில்லை.

பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் அம்மா வறுத்து அரைத்தது. ஊறுகாய் ஒழுகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அதற்கு அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். முட்டிவலித் தைலம் உனக்கில்லை, ஹரிஷங்கர் தம்பிக்கு. மறந்து நீ தேய்த்துக்கொள்ளாதே.

வியாபாரம் ஓடுகிறது. பருப்பு மில்காரர்கள் ஒவ்வொருவராகச் சணல் சாக்கை விட்டு பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டார்கள், அது உனக்குத் தெரிந்த கதைதான். அவனியாபுரம் குடோனைக் காளை பார்த்துக்கொள்கிறான். நான் போனாலும் மனசு வேலையில் நிற்பதில்லை. நேற்றுக் கிழிசல் சாக்குக் கட்டையும் நல்ல சாக்குக் கட்டையும் ஒரே லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். காளை பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணு ரெண்டையும் வீட்ல வச்சுட்டு வந்துட்டீகளா?" என்றான். பழைய சாக்கை மோந்து பார்த்தே எந்த மில்லில் என்ன ஏற்றியது என்று சொன்ன ஆள் நான்.

கண் எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன். நீ போகும்போது என் போனில் ஏற்றிக் கொடுத்த கப்பல் ஆப்பை நான் பார்ப்பதில்லை. திறந்தால் உலகத்துக் கப்பலெல்லாம் எறும்பு மாதிரி வருகிறது, நடுநடுவே விளம்பரம் வேறு. எனக்கு வேண்டியது ஒரே கப்பல், காலையில் ஒரே ஒரு வரி. இதை நமக்கு ஜிஎஸ்டி கணக்குப் போடும் சுபலட்சுமியிடம் புலம்பினேன். அவள் இப்போது சாயங்காலம் கோடிங் வகுப்புக்குப் போகிறாள். "அதுக்குத்தான்ணே ஏபிஐன்னு ஒண்ணு இருக்கு. நீங்க அவுக வெப்சைட்டப் பாக்கவே வேணாம். உங்க ப்ரோகிராமே போயிக் கேட்டு வாங்கிட்டு வரும்" என்றாள்.

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கீழமாசி வீதி மொத்தக் கடையில் நாம் குடோனுக்குள் நுழைகிறோமா? சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம், உள்ளே இருப்பவன் எடுத்துவந்து போடுகிறான். சீட்டில் எழுதுகிற முறை தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவான். அவ்வளவுதான் ஏபிஐ. உன் பழைய லேப்டாப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுபலட்சுமிக்கும் அரைகுறைதான், எனக்கு அதுவும் இல்லை. ரெண்டு பேரும் தட்டுத்தடுமாறித்தான் கற்றோம்.

சிரிக்காமல் படி. கேட்கிறவன் யார் என்று தெரிய அவர்கள் ஒரு சாவி தருவார்கள், எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். அதன் வாலில் ஒரு வெற்றிடத்தையும் சேர்த்து ஒட்டிவிட்டு, சாவி தப்பு என்பதற்கு அடையாளமாக நானூற்று ஒன்று, நானூற்று ஒன்று என்று அந்த வெப்சைட்காரன் விரட்டிக்கொண்டே இருக்க, நாள் முழுக்க முழித்தேன். பிறகு ஒருவழியாக வேலை செய்ததும் சந்தோஷத்தில் திரையைப் படம் எடுத்து நம் சொந்தக்காரர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சாவியும் அதில் பளிச்சென்று தெரிந்தது. சுபலட்சுமி பதறிப்போய், "கல்லாப்பெட்டி சாவியப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவீகளாண்ணே?" என்று திட்டி வேறு சாவி வாங்க வைத்தாள்.

வருகிற பதில் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று ரெண்டு எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். முதல் நாள் ரெண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். நீ குஜராத்தில் முந்த்ரா துறைமுகத்தில் அரிசி ஏற்றிக்கொண்டிருந்தாய், எனக்கு நார்வே நாட்டு மலை ஒன்று வந்தது. அம்மா அன்றைக்குத்தான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ளையோட கப்பல மலைமேல ஏத்தியாச்சு, இனி நங்கூரம் எதுக்கு?" என்றாள்.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. உன் பள்ளிக்கூடத்து உலகப் படத்தைச் சமையலறைக் கதவில் மாட்டினேன். காலையில் காபி குடிக்கும்போது ப்ரோகிராமை ஓட்டி, எண்ணைப் பார்த்து, படத்தில் விரலை வைப்பேன். அம்மா தன் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவாள். மறுநாள் அதையே பிய்த்து நகர்த்துவாள். பசை போனால் வேறு பொட்டு. குஜராத்திலிருந்து அரபிக்கடலில் இறங்கி, ஏமன் நாட்டுக்குக் கீழே வரைக்கும் பொட்டு ஒழுங்காகப் போனது.

கிளம்புகிற அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷனில் அம்மா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது நீ என்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. செங்கடல் வாசலில் சண்டைக்காரர்கள் கப்பல்களைக் குறிவைக்கிறார்கள், அந்தப் பக்கம் போகும்போது இடம் காட்டும் கருவியைக் கேப்டன் அணைத்துவிடுவார், போனும் கிடையாது, பயப்படாதீர்கள் என்றாய். சரி என்று தலையாட்டினேன். ஸ்டேஷன் வெளிச்சத்தில் அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

போன வாரம் ஒரு காலையில் வழக்கம்போல ஓட்டினேன். இருநூறு என்று வந்தது. இருநூறு என்றால் கேட்டது சரி, பதிலும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே ஒரு பகர அடைப்புக்குறி திறந்து மூடியிருந்தது, நடுவில் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு எழுத்தாகக் கொட்டி ப்ரோகிராமே விழுந்துவிட்டது. சுபலட்சுமிக்குப் போன் செய்தேன். "இல்லாத மூட்டைய எடுன்னா அது என்னண்ணே பண்ணும்?" என்றாள். பிறகு குரலை இறக்கி, கப்பல் கருவியை அணைத்திருக்கும் என்றாள்.

அப்பாவுக்குத் தொழிலே காலிச் சாக்குதான் பாண்டி. காலிச் சாக்கைத் தூக்கித்தான் இந்த வீட்டைக் கட்டினேன், உன்னைப் படிக்க வைத்தேன். காலிச் சாக்கைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

அப்போதிருந்து தினமும் அதே இருநூறு, அதே அடைப்புக்குறி. நடுவில் பொறுக்க முடியாமல் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கும்படி எழுதிவைத்தேன். ரொம்பக் கேட்கிறாய் என்று அவன் அன்று முழுக்கக் கதவைச் சாத்திவிட்டான். நீயும் ஒரு தடவை இதையே சொன்னாய், ஒரு நாளைக்கு ஒரு போன் போதும்பா என்று. உன் கம்பெனி ஆபீசுக்கும் பேசினேன். எல்லாம் சரியாக இருக்கிறது சார் என்றாள் ஒரு பெண். எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லக்கூடாதாம். அவளும் இருநூறுதான்.

பதில் காலியாக இருந்தால் திரையில் என்ன காட்ட வேண்டும் என்று நாமே ஒரு வரி எழுதிவைக்கலாம். 'தகவல் இல்லை' என்று போடச் சொன்னாள் சுபலட்சுமி. போட்டேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாளே என்று அழித்துவிட்டு, 'வந்துகொண்டிருக்கிறான்' என்று மாற்றினேன். சுபலட்சுமி பார்த்துவிட்டு, "பதில் வரலேன்னா நீங்களே எழுதிக்குவீகளாண்ணே?" என்றாள். நான் எழுதின வரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது திரையில் வரும்போது ஒரு நொடி மனசு நம்பிவிடுகிறது.

அம்மா விடுவாளா? வருகிறான் சரி, எங்கே வருகிறான் என்றாள். அதனால் என் மனம்போல ஓர் இடத்தில் விரலை வைத்தேன். அவளும் பொட்டை ஒட்டினாள். உன் கப்பலை இத்தனை நாளும் நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை தூக்கமில்லாமல் எழுந்தவன், முந்தின நாள் எங்கே வைத்தேன் என்று பார்க்காமல் விரலை வைத்துவிட்டேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "நேத்து இங்கிட்டு இருந்துச்சு. இன்னைக்கு அங்கிட்டுங்கிறீக. கப்பல் பின்னாடி நடக்குதாக்கும்?" என்றாள். காற்று, நீரோட்டம் என்று என்னென்னவோ சொன்னேன். சாக்கு விற்கப் போன இடத்திலெல்லாம் இந்த வாய்தான் சோறு போட்டது. அன்று அது ஓடவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பொட்டை மட்டும் நகர்த்தவில்லை. அடுப்படிக்குத் திரும்பி, அடுப்பைப் பார்த்தபடியே, "நாளைக்கும் கேப்பேன். நீங்க சொல்லுங்க" என்றாள்.

இதற்கு மேல் நான் எதை மறைக்க?

ஒரு வியாபாரியாக யோசித்து ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிறேன். வராத லாரிக்கு எவனும் சுமைக்காரனை அனுப்ப மாட்டான். கப்பல் வராது என்றால் உன் கம்பெனி எதற்கு ஹரிஷங்கருக்கு டிக்கெட் போடுகிறது? நேற்றுச் சாயங்காலம் அவரிடம் இதைச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட் போன மாதமே போட்டதாம்.

இன்று காலை இதை எழுத உட்காருமுன் ஓட்டினேன். இருநூறு, காலி. விரலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன். அம்மா என்னைக் கேட்கவில்லை. படத்தில் பொட்டு எனக்கு முன்னாலேயே நகர்ந்திருந்தது. செங்கடல் முழுவதையும் தாண்டி, கால்வாயையும் தாண்டி, மேலே கரையோரம் ஒட்டியிருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஹரிஷங்கர் தம்பி நேற்று வந்தபோது, எங்கே ஏறப்போகிறார் என்று விரலால் காட்டச் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறாள். "வந்து சேர்ற எடத்துலயே ஒட்டிட்டேன். இனிமே யாரும் நகத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பொடி டப்பாவுக்கு மூடி தேடப் போனாள்.

அது புதுப் பொட்டு. நன்றாக அழுத்தி ஒட்டியிருக்கிறாள். நகத்தால் நெம்பினாலும் வராது.

வாசலில் ஹரிஷங்கர் தம்பியின் கார் வந்துவிட்டது, அதனால் நிறுத்துகிறேன். கடல் வேலையை விட்டுவிட்டு வா என்றெல்லாம் நான் எழுத மாட்டேன், அது உன் பிழைப்பு. இதைப் படித்ததும் போன் செய். எனக்கு வேண்டாம், அம்மா நம்பருக்குச் செய். நடுவில் எந்தெந்தக் கடல், என்ன நடந்தது என்று அவள் கேட்க மாட்டாள், நீயும் சொல்லாதே. போர்ட் சயித்தில் நிற்கிறேன் என்று மட்டும் சொல். பொட்டு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

கருப்பசாமி உன் கூடவே வரட்டும். பொடி டப்பாவைத் திறந்ததும் மூடிவை, கடல்காற்றில் கட்டிதட்டிவிடும்.

உன் அப்பா
நல்லகாமன்