வெற்றிலைத் தட்டோடு ஆள் சேர்க்கப் போனேன்

என் மனைவி பாக்கியத்துக்கு, இதை வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

நீ நம்ப மாட்டாய். முதல் வரிக்கே ஒரு காலைப் பொழுது போய்விட்டது. போகட்டும். பிறைத் துறைமுகத்தில் முப்பது வருஷம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கி, சம்பளத் தாளில் பெருவிரல் வைத்த கை இது. இப்போது உன் பெயரை எழுதிவிட்டு, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. நம் மகள் சாந்தி இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். ஊரே படிக்கும். கோபித்துக்கொள்ளாதே.

யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்பாய். நீதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால், கோயில் ஞாயிறு வகுப்பு நின்றுவிடக் கூடாதென்று, சமையலறையில் உட்கார்ந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேசட்டில் பதிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சாந்தி அந்தக் குரலை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டாள். திரையில் எழுத்து வரும். நீ சொல்வாய். நான் திருப்பிச் சொல்வேன். நீ இருந்தபோது எத்தனை தடவை கூப்பிட்டாய், ஒரு நாள் உட்கார்ந்தேனா? நீ போன பிறகு, பத்திரிகை வாசித்துக் காட்ட ஆள் இல்லாமல்தான் உட்கார்ந்தேன்.

இதுவரை எனக்குப் புரிகிறது. இதற்கு மேல்தான் குழப்பம்.

சாந்தி இந்தப் பாடத்தை இண்டர்நெட்டில் விற்கிறாள். பெட்டி இல்லை, பொட்டலம் இல்லை. டெலிபோன் கம்பி வழியாகவே போகுமாம். வாங்குகிறவர் லண்டனில் இருந்தாலும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறங்கிவிடுமாம். “அப்போ நம்மகிட்ட?” என்றேன். “நம்மகிட்டயும் இருக்கும்பா” என்றாள். மூட்டையை இறக்கினால் லாரி காலியாக வேண்டும். எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான். கொடுத்த பிறகும் கொடுத்தவரிடமே இருக்கிற சரக்கை நீ எங்காவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

கடை திறந்த அன்று வாழைமரம் கட்டவில்லை, தேங்காய் உடைக்கவில்லை. சாந்தி ஒரு பொத்தானை அமுக்கி, “திறந்தாச்சுப்பா” என்றாள். நான் எழுந்து வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை.

அவள் இதற்காகப் பாயான் பாரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள், பாக்கியம். பதினொரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்த வேலை. மாதக் கடைசிக்குள் மனம் மாறினால் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். “சரியா வரலன்னா திரும்பப் போய்க்கலாம்லா” என்று எனக்காகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உனக்குத் தெரியும்.

ஆள் சேர்க்க வேண்டும் என்றாள். அஃபிலியேட் என்று பெயராம். இண்டர்நெட்டில் சொந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள் நம் பாடத்தைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதுவார்கள்; அவர்கள் சொல்லி யாராவது வாங்கினால் அவர்களுக்கும் ஒரு பங்கு. ஏஜெண்ட் மாதிரியா என்றேன். மாதிரிதான், ஆனால் நேரில் பார்க்க மாட்டோம் என்றாள். முகம் பார்க்காமல் ஒரு மனிதரை நம் காரியத்துக்கு எப்படிக் கூப்பிடுவது?

எனக்குத் தெரிந்த முறையில் கூப்பிடப் போனேன். சாந்தியிடம் சொல்லவில்லை. ஆயர் ஈத்தாம் சந்தையில் வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு வாங்கி உன் எவர்சில்வர் தட்டில் வைத்து, வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். முதலில் நம் அடுக்குமாடியிலேயே கீழ்வீட்டு மாரிமுத்து. சங்கதியைக் கேட்டதும், போன வருஷம் இப்படித்தான் ஒருவர் வந்து சோப்பு விற்கச் சேர்த்துவிட்டார், அந்தச் சோப்பு இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்புறம் பஸ் ஏறி, டவுனில் கந்தையா ஐயா வீட்டுக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், உன் வகுப்புக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பாரே, அவர்தான். அவர் மகன் கனடாவில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று இண்டர்நெட்டில் ஒரு பக்கம் நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஐயா குளித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னை உட்கார வைத்தார்.

“சாந்திக்கோ? நல்லது அண்ணே. எந்த ஊர்ப் பக்கம்?”

“எந்த ஊரா இருந்தாலும் சரிம்மா. கனடாவா இருந்தா ரொம்ப நல்லது. பத்துப் பேர் கிடைச்சாலும் சேர்த்துக்கும்.”

அந்தம்மா கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். “பத்துப் பேரோ? என்ன கதைக்கிறீங்கள், அண்ணே?”

கல்யாணத்துக்கு அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். தலை துவட்டிக்கொண்டு வந்த ஐயா கதையைக் கேட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். பாடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

இரண்டு நாள் கழித்து நம் வீட்டுக்கே வந்து கேட்டார். க, ங, ச என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்த நீ, நடுவில், “என்னங்க, தண்ணி வழியுது, பைப்ப அடைங்க. காத எங்க வெச்சிருக்கீங்க?” என்கிறாய். தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டு நான் வாசலில் பேசிக்கொண்டு நின்ற நாள் அது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஞ என்கிறாய். சாந்தி அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள்.

ஐயா நல்ல மனிதர். குரல் அருமை என்றார். ஆனால் பிள்ளைகள் படிக்கிற சாமானில் வீட்டுச் சண்டை எதற்கு, அதை வெட்டினால் மகனும் சேருவான், அவன் சொன்னால் மற்றவர்களும் சேருவார்கள் என்றார். சாந்தி என் பக்கம் திரும்பினாள். “அப்பா சொல்லட்டும்” என்றாள்.

நான் ராஜினாமாக் கடிதத்தை நினைத்தேன். “வெட்டிடும்மா” என்றேன்.

மறுநாள் காலை பாடத்தைப் போட்டேன். ச என்றாய். உடனே ஞ என்றாய். எழுதப் பார்த்தேன், கை நின்றுவிட்டது. அந்த எழுத்தை நான் குழாயும் கீழே வாளியுமாகத்தான் மனதில் வைத்திருந்தேன். நீ திட்டுவாய், “ஆச்சு, அடைச்சிட்டேன்” என்று நான் கம்ப்யூட்டரிடம் சொல்வேன், அப்புறம்தான் எழுதுவேன். இப்போது நீ யாரிடமோ பேசுவதுபோல் இருந்தது. சாந்தியை அழைத்து, வெட்டியதைத் திரும்பப் போடச் சொன்னேன். “மாசக் கடைசிக்கு இன்னும் மூணு நாள்தாம்பா இருக்கு” என்றாள். தெரியும் என்றேன். அவள் திரும்பப் போட்டாள்.

ஐயா வீட்டுக்கு இந்தத் தடவை தட்டு எடுத்துப் போகவில்லை. “ஐயா, அத வெட்ட முடியாது. உங்க மகன் சேராட்டியும் பரவால்ல” என்று நின்றபடியே சொன்னேன். அடுப்படியிலிருந்து அந்தம்மாதான் ஐயாவிடம் பேசினார். “எங்கட வீட்டிலயும் அதுதானே நடக்குது. நான் தொண்டை கிழியக் கத்தினாத்தான் நீங்கள் பைப்பைப் பூட்டுறனீங்கள். அப்பிடியே இருக்கட்டும் எண்டு மகனுக்குச் சொல்லுங்கோ.”

மகன் சேர்ந்துவிட்டார். அவர் சொல்லி ஏழு பேர். சாந்தி கடிதத்தைத் திருப்பி வாங்கவில்லை. ஏழு பேர் போதுமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். எனக்கும் தெரியவில்லை. யாரோ எங்கோ பொத்தானை அமுக்குகிறார்கள், நீ அவர்கள் வீட்டில் போய் இறங்குகிறாய், இங்கேயும் இருக்கிறாய். இதை நான் யாரிடம் கேட்டுப் புரிந்துகொள்வது?

நேற்று கனடாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். அவர் பெண் குழந்தை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதாம். பைப்பை அடைத்தார்களா இல்லையா என்று தெரியாமல் அடுத்த எழுத்துக்குப் போக மாட்டேன் என்கிறதாம். என்ன பதில் போடுவது என்று சாந்தியிடம் கேட்டேன். காகிதத்தை என் முன்னால் தள்ளி, “உங்களத்தானே அம்மா அடைக்கச் சொன்னாங்க. நீங்களே எழுதுங்கப்பா” என்றாள்.

எழுதினேன். மூன்று சொல். ‘பாப்பா, பைப்பை அடைத்துவிட்டேன்.’ தபால்தலை ஒட்டி நானே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

இனி நீ ஒரு தடவை கூப்பிட்டால் போதும், பாக்கியம். எழுந்துவிடுவேன்.

காது கேட்கிற,
உன் வீட்டுக்காரன்
முனியாண்டி