குதிரைக்காரர் சொன்ன கதைகள்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்,
9-2-1962

பாசமுள்ள மகள் அருள்மணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், குதிரை சுகம், உன் அப்பா சுகம் என்று எழுத முடியவில்லை, அதைக் கீழே சொல்கிறேன். மதராஸ் வெயிலில் நீயும் உன் பேனாவும் வாடாமல் இருக்க மாதா கிருபை செய்யட்டும். இங்கே பனி கொட்டி உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகிவிட்டது, வில்பட்டிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ பேட்டி கொடுத்த வாரப் பத்திரிகை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டு உபகாரம் வாத்தியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். ஏண்டி, உனக்குக் கதை சொல்லி வளர்த்தது நானாமே? அடுப்பு ஓரத்தில் மடியில் போட்டுக்கொண்டு கதை கதையாகச் சொன்னேனாமே? அடி கூறுகெட்டவளே, கான்வென்ட்டில் எண்பது படுக்கைத் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு வந்தவளுக்கு மடி ஏது, கதை ஏது? நான் சொன்ன ஒரே கதை, வாயை மூடிக்கொண்டு தூங்கு என்பதுதான். அதற்கா உனக்கு மேடை போட்டுப் பரிசு கொடுத்தார்கள்? அதுகூடப் போகட்டும், தகப்பனார் போக்குவரத்துத் தொழிலில் இருந்தார் என்று சொல்லியிருக்கிறாயே, சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. ஏரிக்கரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த மனுஷனுக்கு நல்ல உத்தியோகம்தான் கொடுத்திருக்கிறாய். லாயத்தில் நிற்கிற குதிரைக்கும் சொல்லிவிட்டேன், மரியாதையாக நடந்துகொள், நீ இப்போது போக்குவரத்து என்று.

உன் அப்பா ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கதையை வளர்த்து, கரடி கதவில் கை வைக்கிற இடத்தில், படகுத்துறை வந்திருச்சு எறங்குங்க என்று நிறுத்திவிடுவாரே, பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டு இன்னொரு சுற்றுக்கு உட்காருமே, அந்த வித்தை யாருடையது? உன் ஏழு புத்தகத்திலும் ஒவ்வொரு அத்தியாயமும் எங்கே நிற்கிறது என்று எடுத்துப் பார். சாயங்காலம் வெறுங்குதிரையில் உன்னை ஏற்றிக்கொண்டு வரும்போது முடிவை உனக்கு மட்டும்தான் சொன்னார். எனக்குச் சொன்னதே இல்லை, உன் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து அவர் படுக்கைதான். பார்வை அடியோடு போய்விட்டது, நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறது. கோடை சீசன் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வாத்தியார் வாசித்ததைக் கட்டிலில் கிடந்தபடி முழுசாகக் கேட்டார். என்ன மரியசூசை, நீங்க சொன்ன கதைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம் என்றார் வாத்தியார். இவர், இல்லைங்க வாத்தியாரே, அவ ஆத்தாதான் சொல்லுவா, எனக்குக் குதிரச் சோலிக்கே நேரம் சரியாப் போயிரும் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பொய் சொன்ன மனுஷன், பெற்ற பிள்ளையின் மானத்துக்காகவும் ஒன்று சொன்னார். பக்கத்தில் இருந்திருந்தால் உன் கன்னம் பழுத்திருக்கும்.

எட்டாவது புத்தகம் இந்த மாதம் அச்சுக்குப் போவதாக எழுதியிருந்தாய். அதன் முதல் பக்கத்தில், இந்தக் கதைகளைச் சொன்னவர் என் அப்பா, ஏரிக்கரைக் குதிரைக்காரர் மரியசூசை என்று போடு. குதிரைக்காரர் என்பதை விழுங்கிவிடாதே. ஈஸ்டருக்கு முந்தி அது இங்கே வந்தாக வேண்டும்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிட மாட்டாள், நானும் திட்டுவேனே தவிர விட மாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே. புத்தகம் வந்தால் வாத்தியாரைக் கூப்பிடப் போவதில்லை, நான்தான் எழுத்துக் கூட்டி அவருக்கு வாசிக்க வேண்டும். நீ போடாத வரியைப் போட்டிருப்பதாக வாசித்தாலும் அவர் நம்பிவிடுவார். இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையை எனக்கு வைத்துவிடாதே, அருள்மணி.

இப்படிக்கு,
உன் அம்மா
சவேரியம்மாள்