ஆறவிட்டுப் பார்க்க ஒரு கரண்டி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் தங்கச்சிகளும் நலம்தானே? பட்டாசு ஆலையில் சீசன் வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை இங்கே ரியாத்தில் செம்மறிக் கறி வாங்கினேன். நம் ஊர் வெள்ளாட்டுக்கு நீங்கள் ஊற்றுவதைப் போலக் கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். சட்டி முழுக்கக் கொழுப்பு மிதந்தது. என்னோடு தங்கியிருக்கும் அச்சங்குளம் பிரபாகரன் சிரித்தான்.

"ஏலே, இது வால்லயே கொழுப்பு சேக்குற ஆடு. நின்ன இடத்துல பார்லி திங்குது. நம்மூரு ஆடு கருவேல நெத்துக்கு நாளெல்லாம் நடக்கும்லே. இதுக்கு எதுக்கு அம்புட்டு எண்ண?"

அவன் வேலைக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதியிலேயே தட்டில் கொழுப்பு மெழுகாக உறைந்துவிட்டது. நம் வீட்டில் அப்படிப் பார்த்ததே இல்லை. காரணம் ஆட்டின் இனமா, தீவனமா, இந்த ஏசி அறையா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிரபாகரன் ஊருக்குக் கிளம்பி நிற்கிறான், அவனிடம்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குழம்பில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து, உறைகிறதா என்று சொல்லுங்கள். தங்கச்சிகள் கண்ணில் படாமல் வையுங்கள். நம் வீட்டில் கறி ஆறும்வரை தட்டில் இருந்ததே இல்லை.

உங்கள் மகன்,
முனியராஜ்